மாமன் மகளின் சந்தனக் கன்றுகள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுகிறோம். மூட்டுவலி, கண்புரை, எந்த ஊர் மருத்துவர் கைராசிக்காரர் என்றெல்லாம் பேசுகிறோம். உடம்பில் உள்ளதை எல்லாம் கூச்சமில்லாமல் எடுத்து வெளியே வைக்கிற நாம், பொறாமையைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. உங்களில் யாருக்கும் அது வந்ததே இல்லை என்றால் நல்லது. எனக்குப் பதினொரு வயதில் வந்தது. அம்மை போட்டது எந்த வருடம் என்று மறந்துவிட்டேன். இது வந்த காலை மட்டும் ஈர மண்வாசனையோடு அப்படியே இருக்கிறது.

அப்பா அப்போது கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம் நாங்கள். பள்ளிக்கூடத்தை ஒட்டி ஓட்டு வீடு ஒன்று கொடுத்திருந்தார்கள். பள்ளிக்குப் பின்னால் நிலம் சரிந்து இறங்கும். சரிவின் அடியில் ஓர் ஊற்று. சுற்றிலும் இருந்த மூன்று சிற்றூர்கள் அந்த ஊற்றில்தான் குடம் வைத்தன. நான் ஐந்தாம் வகுப்பு முடித்த வருடம் மாசி மாதத்திலேயே ஊற்று சுருங்கி, ஒரு குடம் நிரம்ப அரை மணி நேரம் ஆனது. சரிவில் இருந்த பழைய மரங்கள் போய், அங்கே முழுக்க உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. கோடை விடுமுறையில் சமவெளியிலிருந்து ஒரு குழுவினர் வந்தார்கள். பிள்ளைகளை வைத்தே உண்ணிச்செடியைப் பிடுங்கி, இந்த மலையிலேயே பிறந்த மரங்களை நாற்று விட்டு வளர்த்து, ஊற்றுக்கு மேலே நடப்போகிறோம் என்றார்கள். காலையில் ஆரம்பித்து உச்சி வெயில் ஏறும்வரை. விடுமுறை முடியும் மட்டும்.

பெயர் எழுதும் நோட்டு அப்பாவிடம்தான் இருந்தது. முதல் பெயராக என் பெயரை எழுதினார்.

முகாமை நடத்தியவர் ஓர் இளம் பெண். நாங்கள் 'முகாம் அக்கா' என்போம். கோயம்புத்தூர்ப் பக்கம். தாவணிக்கு மேலே ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கால்களில் அட்டை ஏறாமல் இருக்கப் புகையிலைத் தண்ணீரைத் தடவிக்கொண்டு, சரிவில் ஆடு மாதிரி ஏறி இறங்குவார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு லென்ஸ் தொங்கும். பித்தளை வளையம் போட்ட, ஒரு ரூபாய் அகலமே உள்ள லென்ஸ். சனிக்கிழமைதோறும் அந்த வாரம் நன்றாகச் செய்த பிள்ளையின் கழுத்தில் அதை மாட்டி விடுவார். அடுத்த சனி வரை அது அந்தப் பிள்ளையுடையது.

அக்கா சொல்லிக் கொடுத்ததில் பாதி இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. காட்டில் விதை பொறுக்கும்போது பத்து கிடந்தால் இரண்டுதான் எடுக்க வேண்டும். மற்றவை பறவைக்கும் எலிக்கும் மண்ணுக்கும். விதையைத் தண்ணீரில் போட்டால் மிதப்பது வேண்டாம், முங்குவது வேண்டும். கடுக்காய்க்கொட்டையைச் சாணித் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். உண்ணிச்செடியை வெட்டினால் போதாது, வேரோடு கிளப்ப வேண்டும். அதைப் பிடுங்கினால் கையில் ஒரு நாற்றம் ஏறும், மண்ணெண்ணெயும் மாங்காயும் கலந்தது போல. சோறு சாப்பிடும்போதும் போகாது. அந்த நாற்றம் எனக்குப் பிடிக்கும். முகாமில் இருக்கிறேன் என்பதற்கு அது அடையாளம்.

முதல் வாரம் எல்லாம் என் ராஜ்யம்தான். மலைப்பிள்ளைகள் மரங்களைப் பார்த்தாலே பெயர் சொல்லிவிடுவார்கள், ஆனால் எழுதச் சொன்னால் தயங்குவார்கள். எனக்கு எழுத வரும். இருபது மரங்களின் பெயரை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் இலையைப் படமாக வரைந்து காட்டினேன். அக்கா நோட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "அச்சடிச்ச மாதிரி இருக்குது சாமி" என்றார். சனிக்கிழமை லென்ஸ் என் கழுத்துக்கு வந்தது. அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் பார்க்காத பொருளில்லை. பாசி, எறும்பின் முகம், அம்மாவின் சேலை நூல், அப்பாவின் கன்னத்து முள்முடி. அப்பா அசையாமல் உட்கார்ந்து காட்டினார்.

திங்கட்கிழமை மதிய பஸ்ஸில் மாமன் மகள் வந்தாள்.

அம்மாவின் அண்ணன் முள்ளுக்குறிச்சியில் இருந்தார். அவருடைய ஒரே மகள். என் வயதுதான், என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து எடுத்து முகம் வெளுத்து, ஒரு மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். மாமா எப்போதும் என்னைத் தூக்கிச் சுற்றுவார். அன்று தலையில் கை வைத்துவிட்டு அம்மாவோடு உள்ளே போய்விட்டார். அடுக்களையில் மெல்லப் பேசினார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. தண்ணீர் கூடக் குடிக்காமல் அதே பஸ்ஸில் மாமா மலையிறங்கிப் போனார்.

"அவங்கம்மாவுக்குக் காய்ச்சல்டி. லீவு முடியற வரைக்கும் இவ இங்கதான் இருப்பா" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து அம்மா ஆளே மாறிவிட்டாள். பலாச்சுளையில் பெரியது அவளுக்கு. தோசையில் முதலாவது அவளுக்கு. தீபாவளிக்கு எடுத்த என் பச்சைப் பாவாடையை, ஒரு வார்த்தை கேட்காமல், அவளுக்கு உடுத்திவிட்டாள். சாயங்காலம் அவளை மடியருகே உட்கார வைத்து எண்ணெய் தடவிப் பின்னிவிடுவாள். என்னை அவசரமாக இழுத்துக் கட்டுகிற அதே கை, அவள் தலையில் அத்தனை மெதுவாக நகர்ந்தது.

"அவளுக்கு மட்டும் ஏம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"விருந்தாளிப் புள்ளைடி. உனக்கு என்ன கொறைச்சல்?"

நான் போய்க் கொடியில் காய்ந்த என் பச்சைப் பாவாடையைத் தொட்டுப் பார்த்தேன்.

அப்பா முகாம் நோட்டில் அவள் பெயரைக் கடைசியில் சேர்த்தார். "கணக்குல ஃபெயிலாம். நீ பக்கத்துல இருந்து பார்த்துக்கோ கண்ணு" என்று என்னிடம் சொன்னார். பார்த்துக்கொள்ளலாம் என்று பெருமையாகவே அவளைக் கூட்டிப் போனேன்.

முதல் நாள் அவள் எதுவும் எழுதவில்லை. நாற்றங்கால் ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்கி, "ஏனுங்க அக்கா, இந்த வரிசை மட்டும் எல்லாம் ஒரே பக்கமாச் சாஞ்சிருக்குதுங்களே?" என்று கேட்டாள்.

அக்கா வந்து அவள் பக்கத்தில் அதே மாதிரி குத்துக்காலிட்டார். பார்த்தார். பந்தலில் ஓர் ஓலை நழுவி, அந்த வரிசைக்கு வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒரு வாரமாக யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் தினமும் இரண்டு வேளை அந்த வரிசைக்குத் தண்ணீர் ஊற்றியவள்.

"கண்ணு உனக்குக் கண்ணு இருக்குது" என்று அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில்லை என்று எனக்குத் தெரிந்தது. என் நோட்டைத் தூக்கிக் காட்டியபோது டீச்சர் சிரிப்பது போலச் சிரித்தார். இவளிடம் கூட்டாளியிடம் சிரிப்பது போல. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒன்று சுருண்டு படுத்தது. அந்தக் காலையைத்தான் சொன்னேன்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அவள் ஒன்று கண்டுபிடித்தாள். நாற்றுப் பையைக் கையில் தூக்கிப் பார்ப்பாள். "கனமா இருக்குதுங்க, இன்னைக்குத் தண்ணி வேண்டாம்" என்பாள். அவள் சொன்ன பையெல்லாம் தழைத்தது. நான் அக்கறையாக ஊற்றி ஊற்றி என் நாவல் கன்றுகளில் பாதி அழுகிப் போயிருந்தன. சனிக்கிழமை லென்ஸ் அவள் கழுத்துக்குப் போனது. அடுத்த சனியும். அதற்கடுத்த சனியும்.

என் வீட்டில், என் பாயில், என் பக்கத்தில் அந்த லென்ஸ் தூங்கியது. காலையில் கண் விழித்தால் முதலில் அதுதான் தெரியும், அவள் கழுத்துக்குழியில். ஒருநாள் அவளே கழற்றி நீட்டினாள். "இந்தா நீயும் பாரு. ஈசல் றெக்கை இருக்குது, கண்ணாடி மாதிரி."

"எனக்கு வேண்டாம். நான் எல்லாம் பார்த்தாச்சு" என்றேன். ஈசல் றெக்கையை நான் பார்த்திருக்கவில்லை.

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் பொறாமைப்பட்டது நான் மட்டுமல்ல என்று இப்போதுதான் புரிகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா முகாம் அக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டாள். குழம்பு ஊற்றும்போது அக்கா என்னைக் காட்டி, "இவளுக்குக் குழம்பு கொஞ்சமா ஊத்துங்க. காரம் சேர்றதில்லைன்னு எங்கிட்டச் சொன்னா" என்றார். அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. நான் அம்மாவிடம் அதைச் சொன்னதே இல்லை. "எம் புள்ளைக்கு என்ன சேரும்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அக்கா போன பிறகு, "மண்ணக் கிண்டறதுக்கு ஒரு படிப்பு" என்று பாத்திரங்களை உருட்டினாள். அம்மாவுக்கு அக்காவைப் பிடிக்கவில்லை என்று அப்போது நினைத்தேன். என் மகன் அவன் மாமியாரைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிற இந்தக் காலத்தில், அந்தக் கரண்டி ஏன் நின்றது என்று எனக்கு நன்றாகவே தெரிகிறது.

முகாம் பாதி தாண்டியதும் சந்தனக் கன்றுகள் வந்தன. காட்டிலாகா நாற்றங்காலில் முளைக்க வைத்தவை. விரல் நீளத் தண்டு, நாலைந்து இலை. ஆளுக்குப் பத்துப் பை. பையில் கன்றை வைத்ததும், அதன் பக்கத்திலேயே ஒரு துண்டு பொன்னாங்கண்ணித் தண்டையும் ஊன்றச் சொன்னார் அக்கா.

"சந்தனம் தனியா வளராது. பக்கத்துல இருக்கற செடியோட வேரைப் புடிச்சுக்கும், அதுகிட்ட இருந்து குடிச்சுத்தான் வளரும். சின்னப் புள்ளைல அதுக்குப் பொன்னாங்கண்ணி. பெருசானப்புறம் பக்கத்து மரம். அதனால இதைக் களைன்னு நெனச்சுப் புடுங்கிடக் கூடாது. புடுங்கினா சந்தனமும் போயிரும். எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

புரிந்தது. நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டேன். பிற்பாடு நான் எனக்கே சொல்லிக்கொண்ட எந்தச் சமாதானத்திலும், தெரியாமல் செய்துவிட்டேன் என்ற ஒன்று மட்டும் கிடையாது.

மாமன் மகளின் பத்துக் கன்றும் எழுந்து நின்றன. என்னுடையதும் அப்படி ஒன்றும் மோசமில்லை, ஏழு நன்றாகவே இருந்தன. கடைசி நாளன்று பெற்றோர்கள் எல்லாம் வருவார்கள், காட்டிலாகா அதிகாரி வருவார், ஊற்றின் தலைமாட்டில் மூன்று சந்தனக் கன்று நடப்போகிறோம் என்று அக்கா சொன்னார். "வளர்த்த புள்ளையே நடட்டும்" என்றவர், மாமன் மகளின் தோளில் கை வைத்தார். "இவ கன்னுதான். வேற யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?"

யாருக்கும் இல்லை. மலைப்பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அப்பா எழுதிய முதல் பெயர் என்னுடையது. கடைசிப் பெயர் அவளுடையது. என் வீட்டுக்கு வந்து, என் பாவாடையைக் கட்டிக்கொண்டு, என் அம்மாவின் மடியருகே உட்கார்ந்து, என் அக்காவையும் எடுத்துக்கொண்டாள். அன்று முழுவதும் இதே நாலு வரியைத்தான் மனதுக்குள் திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசி நாளுக்கு ஐந்து நாள் இருந்தது. அந்த வாரம் எல்லோரும் ஊற்றுக்கு மேலே குழி தோண்டிக்கொண்டிருந்ததால் நாற்றங்கால் பக்கம் யாரும் சரியாகப் போகவில்லை. காலையில் பனி இன்னும் சரிவிலிருந்து எழும்பவில்லை. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பூப்பறிக்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு நாற்றங்காலுக்குப் போனேன். அவள் வரிசையின் முன்னால் உட்கார்ந்தேன். முதல் பையிலிருந்த பொன்னாங்கண்ணியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. மண்ணுக்குள் யாரோ மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. இன்னும் பலமாக இழுத்தபோது மெல்லிய நூல்கள் அறுகிற மாதிரி கைக்குள் ஓர் அதிர்வு வந்தது, பிறகு விட்டது. பத்துப் பையிலும் அதைச் செய்தேன். ஒவ்வொன்றையும் இழுத்தபின் மண்ணை விரலால் அமுக்கிச் சமன்செய்தேன். பதற்றமே இல்லை. என் கையெழுத்துப் போல நேர்த்தியாகச் செய்தேன்.

எழுந்த பிறகுதான் கையிலிருந்த கீரையை என்ன செய்வதென்று தெரியவில்லை. தூக்கி எறிந்தால் யாராவது பார்ப்பார்கள். பாவாடை மடியில் கட்டிக்கொண்டேன். என் பைகளிலும் ஊற்றோரத்திலும் இருந்ததில் நுனி நுனியாகக் கிள்ளி அதோடு சேர்த்தேன். வேர்களைக் கிள்ளி ஓடையில் விட்டுவிட்டு, கீரையை அம்மாவிடம் கொடுத்தேன்.

மதியம் பருப்புப் போட்டுக் கடைந்திருந்தாள்.

"எங்க புடிச்சே இத்தனை இளங்கீரை?" என்றார் அப்பா.

"பொண்ணு ஊத்துப் பக்கம் பறிச்சுட்டு வந்தா" என்றாள் அம்மா. அவள் குரலில் இருந்த பெருமையை இன்றைக்கும் கேட்கிறேன்.

மாமன் மகள் தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முகாம் விட்டு வருகிற வழியில் பைகளைப் பார்த்திருப்பாள் போல. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி போடட்டுமா என்று அம்மா கேட்டதற்கு, "போதுங்க அத்தை" என்றாள்.

மறுநாள் வெயிலில் இலைகள் தொங்கின. அதற்கு மறுநாள் விளிம்பு சுருண்டது. மூன்றாம் நாள் காலை முகாம் அக்கா அந்த வரிசையின் முன்னால் மண்டியிட்டு, ஒரு பையைக் கிழித்துப் பார்த்துவிட்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது முகம் சிவந்திருந்தது.

நாற்றங்காலில் களையெடுக்க ஓர் அம்மாள் வருவார். மலைக்காரர். பள்ளத்தூரிலிருந்து தினமும் ஒரு மேட்டை ஏறி வருவார். பேச்சுக் குறைவு. எங்களுக்கெல்லாம் நாவல் பழம் கொண்டுவந்து தருவார். அக்கா நேரே அவரிடம் போனார்.

"எத்தனை தடவை சொன்னேன்? பைக்குள்ள கை வைக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"நான் தொடலீங்க. நான் வரப்புலதான் எடுத்தனுங்க."

"பத்துப் பையிலயும் சுத்தமாப் புடுங்கியிருக்குது. புள்ளைங்களுக்குத் தெரியும் புடுங்கக் கூடாதுன்னு. உங்களைத் தவிர வேற யாரு?"

"தொடலீங்க" என்றார் மறுபடியும்.

சத்தம் கேட்டு அப்பா வந்தார். விஷயத்தைக் கேட்டதும், "அவங்களுக்கு என்னங்க தெரியும், களைன்னு நெனச்சிருப்பாங்க. விடுங்க" என்றார். காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார். அந்த அம்மாள் அப்பாவைப் பார்த்த பார்வை, அக்காவைப் பார்த்ததைவிட அடிபட்டதாக இருந்தது.

"நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்" என்றார் அக்கா.

நான் இரண்டாவது வரிசையில் நின்றேன். வாயைத் திறந்தால் போதும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்று சொன்னால் பொய். சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

"நான்தானுங்க அக்கா புடுங்கினேன்" என்றாள் மாமன் மகள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நீயா? உன்ற கன்னையேவா? ஏன் கண்ணு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கீரை நல்லா எளசா இருந்துச்சுங்க. ஊட்டுக்குக் கொண்டு போனேனுங்க. கடைஞ்சு சாப்பிட்டோம்."

அப்பாவுக்குக் கீரை நினைவு வந்துவிட்டது. நான் பறித்ததாக அம்மா அன்று சொன்னது மறந்து, வீட்டில் கீரை கடைந்தது மட்டும் நினைவிருந்தது. "ஆமாங்க, கடைஞ்சிருந்தாங்க" என்று தலையைக் குனிந்தார். விருந்தாளியாக வந்த பிள்ளை இப்படிச் செய்துவிட்டதே என்ற வெட்கம் அவருக்கு.

அக்கா திட்டவில்லை. அவள் கழுத்திலிருந்த லென்ஸைக் கழற்றினார். கயிறு பின்னலில் சிக்கிக்கொண்டது, பொறுமையாக எடுத்தார். களையெடுக்கும் அம்மாளிடம் போய்த் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் தலையை ஆட்டினார். அன்று வேலை முடியும்வரை இருந்தார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

கடைசி நாள், ஊற்றின் தலைமாட்டில் நட்டது என் கன்றுகளை. லென்ஸ் என் கழுத்தில். அதிகாரி கேமரா கொண்டுவந்திருந்தார். அந்தப் படம் வெகுநாள் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது. இரண்டு வீடு மாறியதில் எங்கோ தொலைந்தது. படத்தில் நான் மண்ணைப் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. பக்கவாட்டில் பார்க்கிறேன். அந்தப் பக்கம் மாமன் மகள் வாளியோடு நின்றிருந்தாள். முகாம் அக்கா குனிந்து அவள் காதில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் எனக்குக் கிடைத்த பிறகும், அந்தக் காதில் என்ன சொல்கிறார் என்றுதான் எனக்கு எரிந்தது.

ஒரு வாரத்தில் மாமா வந்து அவளைக் கூட்டிப் போனார். சந்தையில் ஒருமுறை களையெடுக்கும் அம்மாள் மிளகு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அப்பாவின் வேட்டிக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். அவர் என்னைத் தேடவும் இல்லை. அடுத்த வருடம் அப்பாவுக்கு ராசிபுரம் பக்கம் மாற்றலானது. நட்ட மூன்றில் ஒன்று பிழைத்து மரமானது என்றும், பிறகு யாரோ வெட்டிக்கொண்டு போனார்கள் என்றும் கேள்விப்பட்டேன். ஊற்று என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை.

கல்லூரியில் தாவரவியல் எடுத்தேன். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, என் பெண் அந்த வழிக்குத்தான் என்று அப்பா முடிவு செய்திருந்தார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு அதையே நடத்தியும் வருகிறேன். சந்தனம் வரும் பாடத்தை மட்டும் வேகமாக நடத்திவிடுவேன். மாமன் மகள் பத்தாவதோடு நின்றுவிட்டாள். முள்ளுக்குறிச்சியிலேயே கட்டிக்கொடுத்து, இப்போது பஸ் நிறுத்தம் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறாள்.

நான் கல்லூரியில் இருந்தபோதுதான், வேறு ஏதோ பேச்சில், அம்மா அந்தக் கோடையைப் பற்றிச் சொன்னாள். காய்ச்சல் இல்லை. மாமாவின் மனைவிக்குப் பிறந்த ஆண் குழந்தை, பிறந்த அன்றே போய்விட்டது. அதன்பிறகு அவர் யாரிடமும் பேசாமல் மூலையிலேயே உட்கார்ந்திருந்தார். சிறுமி பயப்படுகிறாள் என்றுதான் மலைக்கு அனுப்பினார்கள். "உனக்குச் சொன்னா நீ அவகிட்டக் கேட்டுருவேன்னு சொல்லலை" என்றாள் அம்மா. சொல்லியிருந்தால் நான் அதைச் செய்திருக்க மாட்டேன் என்று பல வருடம் அம்மாவின் மேல் பழியைப் போட்டு வைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. சொல்லியிருந்தாலும் லென்ஸ் அவள் கழுத்தில்தானே இருந்திருக்கும்.

அன்றிலிருந்து இன்னொரு பொறாமை சேர்ந்துகொண்டது. அவ்வளவு துக்கத்துக்கு நடுவிலும் யாரோ ஒரு அம்மாளுக்காக, எனக்காகவும், பழியைத் தன்மேல் வாங்கிக்கொண்டாளே. பதினொரு வயதில் அந்த மனசு எனக்கு இருந்ததா? விசேஷங்களில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுடைய பெரிய மனசுதான் முதலில் கண்ணில் படும். நெருங்கிப் பேச முடியாது.

போன வருடம் அம்மா போய்விட்டாள். காரியம் எல்லாம் முடிந்த பிறகு மாமன் மகள் ஒருநாள் கூட இருந்தாள். பகலில் இரண்டு பேரும் அம்மாவின் பீரோவைத் திறந்து, யார் யாருக்கு எந்தச் சேலை என்று மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தோம். ஜன்னல் வழியே வெயில் விழுந்தது. அப்போது சொன்னேன். முன்னுரை எதுவும் இல்லை.

"அந்தச் சந்தனக் கன்னு. நான்தான் புடுங்கினேன்."

"தெரியும்" என்றாள் மடிப்பதை நிறுத்தாமல். "கீரையத் தட்டுல பார்த்தப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் நீ பண்ணினதாச் சொன்னே? அந்தம்மாவுக்காகத்தானே?"

அவள் என்னைப் பார்த்தாள். நிஜமாகவே புரியாமல் பார்த்தாள்.

"அந்தம்மா பாவம்தான். ஆனா எனக்கு அப்ப அதெல்லாம் தோணலை. அந்தம்மா தொடலைன்னே நின்னுச்சு, விசாரிச்சுட்டே போனா நீ மாட்டிக்குவே. மாட்டினா உங்கம்மாவுக்கு என்ற மேலதான் கோவம் வரும். இவ வந்ததுக்கு அப்புறம்தான் எம் புள்ளை இப்படி ஆச்சுன்னு என்னைப் பஸ் ஏத்தி உட்ருவாங்கன்னு பயம். எனக்கு ஊட்டுக்குப் போக முடியாது. எங்கம்மா தொட்டில் சேலைய மடில வெச்சுட்டு செவுத்தையே பார்த்துட்டு உக்காந்திருக்கும். கூப்பிட்டாத் திரும்பாது. இன்னும் பத்து நாளாவது உங்கூட்டுல இருந்துக்கோணும். அவ்வளவுதான் நெனச்சேன்."

"நான் இத்தனை வருசமா நீ பெரிய மனசு பண்ணினேன்னு..."

"பெரிய மனசா?" என்றாள். "அன்னைக்கு ராத்திரி உன்ற பின்னலைக் கத்தரிச்சுடலாமான்னு பார்த்தேன். கத்தரிக்கோல் எங்க இருக்குதுன்னு தெரியலை."

இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு நடுவில் வேறாகிவிட்டது. அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். மறுபடி சேலைகளை எடுத்தோம்.

அடியிலிருந்து ஊதா நிறத்தில் ஒரு கைத்தறிச் சேலை வந்தது. அம்மா கடைசி வருடங்களில் அதிகம் உடுத்தியது. கழுத்துப் பக்கம் பவுடர் வாசனை இன்னும் இருந்தது. அதை எனக்கென்று மனதில் ஒதுக்கி வைத்திருந்தேன். அவள் அதை விரித்து, முகத்தருகே கொண்டுபோய், கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"இதை நான் எடுத்துக்கட்டுமா?" என்றாள்.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் சுருக்கென்றது. ஐம்பது வயது தாண்டிய எனக்கு, ஒரு பழைய சேலைக்காக, என் அம்மாவின் வாசனையில் பாதி போகிறதே என்று எரிந்தது. அந்தப் பொறாமை என்னிடம் இருந்து போகாது என்று அந்த நிமிஷத்தில் தெரிந்தது. ஆனால் இந்த முறை கை அதனுடையதில்லை, என்னுடையது.

"எடுத்துக்க" என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் அதுவரை காத்திருந்தாள்.